அன்றைக்கு வண்டியை ஓட்டியது யார்

சர்வேயர் நொறுங்கிப்போன வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்தார்.

மண்ணூர்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட். முன்பக்கம் நசுங்கிய எங்கள் அம்பாசிடர், தகரக் கூரைக்குக் கீழே எண்ணெய் ஊறிய மண்ணில் நின்றிருந்தது. சேதத்தைக் கணக்கிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய மனிதர் அவர். ஸ்கூட்டரை நிறுத்தினார். தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என் கண்ணாடி வளையலையும், புடவைக் கொசுவத்தையும், ரப்பர் செருப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு வண்டியை ஓட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்களேவா?"

"ஆமா சார். லைசென்ஸ் கீது."

"லைசென்ஸ் இருக்குன்னு பேப்பர்லயே போட்டிருக்கு. நான் அதைக் கேக்கலை."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். ரேஷன் கடையில் அரிசியைக் கையில் அள்ளி, கல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல என் பதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் எனக்காகப் பேச வந்தார். "அக்கா சோக்கா ஓட்டும் சார். டெய்லி இந்தாண்டதான் போவும்."

"அன்னைக்கு ஓட்டினதை நீ பார்த்தியா?"

"அன்னிக்கு நான் ஷெட்டுக்குள்ள இருந்தேன் சார்."

"அப்ப சும்மா இரு."

அது எண்பதுகளின் பிற்பகுதி. அம்பத்தூரில் எனக்குத் தெரிந்து கார் ஓட்டிய பெண் ஒரு டாக்டரம்மாதான். அவரும் டிரைவர் வராத நாளில் மட்டும் ஓட்டுவார். நான் டாக்டர் இல்லை. பூந்தமல்லியில் பிறந்து, அயனம்பாக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாகப்பிரிவினையில் ஏரிக்கரை ஓரத்து வீடு எங்களுக்கு வந்தது. நிலத்தில் எங்கள் பங்குக்குக் கிடைத்ததை விற்று, என் வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டையில் இரண்டு லேத்து மெஷின் போட்டார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்குப் புஷ், பின் என்று சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைக் கடைந்து கொடுக்கிற வேலை. கடைந்ததைக் கொண்டுபோய்ப் போடுவதற்காகத்தான் அந்தப் பழைய அம்பாசிடரை வாங்கினோம்.

நான் ஆசைப்பட்டு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவருக்கு வலிப்பு வந்தது. முதல் தடவை, வேறு யாரும் இல்லாத நேரம், பட்டறை வாசலில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது. அடுத்த தடவை திருவேற்காட்டுக்குத் திரும்புகிற ரோட்டில், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது. வண்டி அதன் போக்கில் போய் வேலிகாத்தான் புதருக்குள் நுழைந்து நின்றது. உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை. ரோட்டிலும் அந்த நேரம் யாரும் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் காரைத் தொடக்கூடாது, ஓடுகிற மெஷின் பக்கத்திலும் நிற்கக்கூடாது என்றார். லேத்துக்கு ஆள் வைத்தோம். காருக்கு ஆள் வைக்க வசதி இல்லை.

அந்த முதல் விபத்துக்கு நாங்கள் இன்ஷூரன்ஸ் கேட்கவே இல்லை. "எழுதிக் குடுத்தா நோவு வெளிய தெரிஞ்சிடும். அப்பால எவன் நமக்கு வேலை குடுப்பான்?" என்றார் அவர். சொந்தச் செலவில் தட்டி நிமிர்த்திக்கொண்டோம். அவருடைய லைசென்ஸ் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. நான் அம்பத்தூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கிளட்ச், கியர் என்று கற்றுக்கொண்டு, எட்டுப் போட்டு, லைசென்ஸ் வாங்கினேன். தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அவரைப் பட்டறையில் விட்டு, கடைந்த சாமான்களைக் கம்பெனி கம்பெனியாகப் போட்டுவிட்டு வருவேன்.

சர்வேயர் கேட்ட அந்த நாளில் நடந்தது இதுதான். எஸ்டேட் ரோட்டில் ஷிப்டு முடிந்து சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன. நீளக் கம்பிகளை ஏற்றிய, மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று எனக்கு முன்னால் போனது. கம்பி முனையில் சிவப்புத் துணி இல்லை. அந்த ஆள் கை காட்டாமல் சட்டென்று வலது பக்கம் ஒடித்தார். கம்பிகள் குறுக்கே திரும்பி என் முன்கண்ணாடிக்கு நேராக வந்தன. நான் இடது பக்கம் ஒடித்தேன். சைக்கிள்கள் மேல் ஏறாமல் வண்டி மதகுச் சுவரில் மோதி நின்றது. என் உதடு கிழிந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீன்பாடி வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருப் பட்டறையிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். என்னை இறக்கி ஒரு திட்டில் உட்கார வைத்தார். வண்டி ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. டீக்கடையிலிருந்தவர்கள் தள்ளுவதற்கு வந்தார்கள். தள்ளுகிறபோது ஸ்டியரிங்கைப் பிடிக்க யாராவது வேண்டுமே என்று அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஓரமாகப் போய்ச் சேரும்வரை அவ்வளவுதான். ஆனால் பின்னால் வந்தவர்களெல்லாம் பார்த்தது, நசுங்கிய காரில் டிரைவர் இடத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்ததையும், ஒரு பெண் திட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்ததையும்.

எங்கள் தெருவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். மனைவி பெயரில் இன்ஷூரன்ஸ் ஏஜென்சி நடத்தினார். எங்களுக்கு முழு இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். என் வீட்டுக்காரரின் நோய் அவருக்கும் தெரியாது. சர்வேயர் வந்து போன பிறகு அவரிடம் போய் நின்றேன்.

"ஏன் சார், ஓட்டினது யாருன்னு அத்தினி தபா கேக்கறாரு?"

"எல்லாரையும் கேப்பாங்கம்மா. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி இடிச்சா கம்பெனி சல்லிக் காசு குடுக்காது. அதனால என்ன பண்ணுவாங்க? இடிச்சவன் ஒருத்தன், எழுதிக் குடுக்கறது லைசென்ஸ் இருக்கிற இன்னொருத்தர். அண்ணன் இடிச்சுட்டு தம்பின்னுவான். மொதலாளி இடிச்சுட்டு டிரைவர்னுவான்."

"புருசன் இடிச்சுட்டு பொண்டாட்டின்னுவான்."

வாத்தியார் சிரித்தார். சிரித்துவிட்டு, "அப்படி எதுவும் இல்லையேம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழிந்த உதடு என்னுடையது. மதகுச் சுவரைப் பார்த்தபோது வந்த நடுக்கம் என்னுடையது. அதை எனக்கே இல்லை என்று ஆக்கப் பார்த்தார்கள்.

சில நாள் கழித்து சர்வேயர் வீட்டுக்கே வந்தார். காபி கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. "இவன் துட்டுக்கு அடி போடறான்" என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காபியையே தொடாதவரிடம் எப்படிப் பேச்செடுப்பது?

"டீக்கடையில விசாரிச்சேன்" என்றார். "ஆம்பளைதான் ஓட்டினார்ங்கறாங்க."

வண்டியைத் தள்ளியபோது நடந்ததைச் சொன்னேன்.

"சரி. அப்படியே வெச்சுக்குவோம். உங்க வீட்டுக்காரர் எப்பவாவது இந்த வண்டியை ஓட்டுவாரா?"

"ஓட்ட மாட்டாரு சார்."

"ஒரு நாள்கூட?"

"லைசென்ஸ் முடிஞ்சதுலேருந்து தொடறதில்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழமை காலையில ஏரிக்கரைப் பக்கம் இதே அம்பாசிடரை ஓர் ஆள் ஓட்டிட்டுப் போறதைப் பார்த்திருக்கேன்னு உங்க தெருவிலேயே ஒருத்தர் சொல்றார்."

"யாரு சார் சொன்னது?"

"அது உங்களுக்கு வேண்டாம்."

அவர் போன பிறகு நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்கு இப்போது சிரிக்கிறாள்? பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் கழிவுநீர் வாய்க்கால் விஷயத்தில் மனத்தாங்கல் உண்டு. அவராக இருக்கும். ஆவடிப் படைத்தளவாடத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வருகிற தெருக்கோடி வீட்டுக்காரர், எங்களுக்குக் கார் வந்ததிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அவராகவும் இருக்கலாம். வாத்தியாரே சொல்லியிருந்தால்? கம்பெனியிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமே. அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் சொல்லிகீறான். இதையெல்லாம் நீ ஏன் காதுல போட்டுக்கற?" என்றார்.

நியாயமான பதில்தான். ஆனால் யார் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. நான் அன்றைக்குப் பத்துப் பேரையாவது சந்தேகப்பட்டிருப்பேன். அவர் ஒருவரைக்கூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் வீட்டில் இருப்பதில்லை. அவருக்கு வலிப்பு நிற்க வேண்டும் என்று திருவேற்காட்டு அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். வாராவாரம் எதிர்வீட்டுக்காரியோடு பஸ்ஸில் போய் விளக்குப் போட்டுவிட்டு வருவேன். "கார் கீதே, அதுல போறது?" என்று அவள் கேட்பாள். வேண்டுதலுக்குச் சொகுசாகப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவேன். மகள் அப்பாவோடு வீட்டில் இருப்பாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் குள்ளம். அவர் நல்ல உயரம். திங்கட்கிழமை காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து, உள்ளே மாட்டியிருக்கிற கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் வருகிற ரோடு தெரியாது. காரின் கூரைத் துணிதான் தெரியும். ஒவ்வொரு வாரமும் அதைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். நிறுத்தி வைத்த காரில் ஏறி விளையாடுவது மகளின் வழக்கம். ஒருநாள் அவளைக் கேட்டேன்.

"கண்ணாடியைத் திருப்பினியா நீ?"

"நான்தாம்மா திருப்பினேன்" என்றாள் உடனே.

அவள் எதையும் உடனே ஒப்புக்கொள்கிற குழந்தை இல்லை. உடைந்த டம்ளர் அவள் கையில் இருந்தால்கூட, தானாகவே உடைந்தது என்பாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

வண்டி ஷெட்டில் கிடந்தவரை எதையும் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மட்டும் கவனித்தேன்.

வேலை முடிந்ததும், சரி செய்த வண்டியைப் பார்வையிட சர்வேயர் மறுபடியும் ஷெட்டுக்கு வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க, பார்ப்போம்."

"எங்க சார்?"

"உங்க வீடு வரைக்கும்."

எஸ்டேட் வழியாக, அத்திப்பட்டைக் கடந்து, லாரிகளுக்கு நடுவே ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன், அவர் ரோட்டைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் ஒரு குறுகலான சந்தைக் காட்டி, அதற்குள் பின்பக்கமாக வண்டியை விடச் சொன்னார். விட்டேன். சுவரில் கீறல் படவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், "நல்லாவே ஓட்டறீங்க" என்றார்.

"அப்ப நம்பறீங்களா சார்?"

"ஓட்டத் தெரியும்னு நம்பறேன். அன்னைக்கு ஓட்டினீங்கன்னு அதனால ஆயிடாதே."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுக்காரியோடு வழக்கம்போல பஸ் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில், தலைவலி என்று சொல்லி இறங்கிக்கொண்டேன். அவள் கூட இறங்க வந்தாள்; எனக்கும் சேர்த்து விளக்குப் போடு என்று சொல்லி அனுப்பினேன். நடந்து ஏரிக்கரைக்கு வந்து, ஒரு பனைமரத்துக்குப் பின்னால் நின்றேன். எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. கட்டின புருஷனை வேவு பார்க்கிறவள் எப்படி நிற்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். வந்தாலும் நல்லது, இந்த உறுத்தலாவது தீரும் என்றும் நினைத்தேன்.

வந்தது. கரைமேல் மெதுவாக, சைக்கிள் வேகத்தில் வந்தது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பக்கத்தில், முன்சீட்டில், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு என் மகள்.

அவளைப் பார்த்ததும் என் கால் தானாக நடந்தது. கரை நடுவில் போய் நின்றேன். வண்டி நின்றது. இடது பக்கம் ஏரித் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. நான் கதவைத் திறந்து மகளைக் கையைப் பிடித்து இறக்கினேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

"அப்பாதாம்மா சொல்லாதன்னாரு."

"நீ அந்தாண்ட போய் நில்லு."

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எப்போதும் நான் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு அது வரவில்லை. "உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிகீது? புள்ளைய வெச்சிகினு ஓட்டறியே, இந்தத் தண்ணியில உட்டா யாரு தூக்கறது?"

"ரெண்டு வருஷமா வரலடி. மாத்திரை போட்டுகினுதான கீறேன்?"

"அது சொல்லிட்டா வரும்?"

"மெதுவாத்தான ஓட்டறேன்."

"பொதருக்குள்ள உட்ட அன்னிக்கும் மெதுவாத்தான் ஓட்டினே."

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "டெய்லி பட்டறை வாசல்ல என்னை இறக்கி உட்டுட்டுப் போற. பசங்க சிரிக்கறானுங்க. 'மொதலாளிய இஸ்கூலாண்ட உட்டுட்டாங்கடா'ன்றானுங்க. வாரத்துல ஒரு நாளு, இந்தக் கரை முட்டும் போய்ட்டு வரேன். அவ்ளோதான்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் குறையவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் அப்படியே இருந்தன. மகளைப் பின்சீட்டில் ஏற்றி, அவரை நகர்ந்து உட்காரச் சொல்லி, நான் ஏறி வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அவர் வைத்திருந்த இன்னொரு சாவியைக் கேட்டேன். கொடுத்தார். அதை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன்.

அதற்குள் எனக்கு வேறு ஒன்று விளங்கிவிட்டது. நான் சர்வேயரிடம் சொன்னது பொய்யாகிவிட்டது. தெரியாமல் சொன்ன பொய்தான். ஆனால் அவர் மறுபடி வந்து, உங்க வீட்டுக்காரர் ஓட்டுவாரா என்று கேட்டால், இனி தெரிந்தே சொல்ல வேண்டும். ஓட்டுவார் என்றால், விபத்தன்றைக்கும் அவர்தான் ஓட்டினார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓட்ட மாட்டார் என்றால், தெருக்காரர் ஒருவருக்கு இருக்கிற நேர்மைகூட எனக்கு இல்லை என்றாகும்.

சர்வேயர் கடைசித் தடவையாக வந்து அதையேதான் கேட்டார்.

"போன தடவை கேட்டேன், நினைவிருக்கா? உங்க வீட்டுக்காரர் இந்த வண்டியை ஓட்டுவாரா, மாட்டாரா?"

அன்று என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போகாமல் இருந்தார். உள்ளேயிருந்து வந்து, சர்வேயருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஓட்டுவேன் சார்" என்றார். "ஞாயித்துக்கெயமைல. இவளுக்குத் தெரியாது. எனக்கு லைசென்ஸ் இல்ல. வலிப்பு நோவு கீது, அதான் புதுப்பிக்கல. ஆனா அன்னிக்கு இடிச்சது நான் இல்ல சார். மெய்யாலுமே இவதான் ஓட்டினா."

நோய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மூடி மூடி வைத்தவர் அவர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சர்வேயருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தார். "இதை ஏன் இப்ப நீங்களா வந்து சொல்றீங்க?"

"நீங்க கேட்டீங்களே சார்."

"நான் அவங்களைக் கேட்டேன். இதை ஒத்துக்கிட்டா அதை நம்பிடுவேன்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

உண்மையைச் சொன்னதற்கும் சந்தேகப்படுவார்கள் என்று என் வீட்டுக்காரர் எதிர்பார்க்கவில்லை. சர்வேயர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "அந்த உதடு ஆறிடுச்சா?" என்று என்னைக் கேட்டார். ஆறிவிட்டது என்றேன். ஸ்டியரிங்கில் மோதினால்தான் அந்த இடத்தில் அப்படிக் கிழியும் என்று அவர் நினைத்தாரா, இல்லை சும்மா கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாத்தியாருக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்பா, அரிச்சந்திரனா நீ? கேஸ் போச்சுன்னு வெச்சுக்கோ."

போகவில்லை. பாகங்களுக்குத் தேய்மானம் கழித்துக்கொண்டு மீதியைக் கம்பெனி கொடுத்தது. என்னை நம்பினார்களா, நம்பாமலிருக்கச் சாட்சி போதவில்லையா, யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் அந்த வருஷ இன்ஷூரன்ஸ் முடிந்து புதுப்பிக்கப் போனபோது, வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"முழு இன்ஷூரன்ஸ் தர மாட்டோம்னுட்டாங்கம்மா. தர்ட் பார்ட்டி மட்டும்தான். நீ யாரையாவது இடிச்சா அவங்களுக்குக் கம்பெனி குடுக்கும். உன் வண்டி நொறுங்கினா அது உன் பாடு."

"ஏன் சார்?"

"ஓட்டறவங்க சரியில்லையாம். ஆபத்து அதிகமாம்."

"அவருதான் இப்ப ஓட்டறதே இல்லியே."

"அவரைச் சொல்லலம்மா. அவர் விபத்து பண்ணினதா எங்கயும் இல்லையே. உன்னைத்தான் சொல்றாங்க. மதகுல இடிச்சது நீதானே?"

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ஓட்டினது நான்தான் என்று மாசக்கணக்கில் மன்றாடினேன். கடைசியில் அதை நம்பி, நம்பியதற்காகவே என்னைத் தள்ளி வைத்தார்கள். வலிப்போடு வண்டியைப் புதருக்குள் விட்டவர் கம்பெனியின் கண்ணில் மாசில்லாதவர். சைக்கிள்காரர்கள் மேல் ஏற்றாமல் சுவரில் இடித்தவள் ஆபத்தான டிரைவர். இன்னொரு கம்பெனியில் கேட்டுப் பார்த்தோம். பழைய கம்பெனி ஏன் விட்டது என்று கேட்டார்கள். சொன்னோம். முழு இன்ஷூரன்ஸ் தருகிறோம், ஆனால் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். பட்டறை இருந்த நிலைமையில் அது முடியாது.

அதன் பிறகு நான் ஓட்டிய வருஷங்களில், கம்பி ஏற்றிய எந்த வண்டிக்குப் பின்னாலும் கிட்டே போனதில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவான். திட்டட்டும் என்று விட்டுவிடுவேன்.

வீட்டிலும் ஒன்று மாறிவிட்டது. சர்வேயர் போய்விட்டார், அவருடைய வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும், யாரும் பார்க்காதபோது கார் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருக்கும். வெயிலில் நிற்கிற வண்டி சூடாக இல்லாமல் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை கண்ணாடியைப் பார்ப்பேன். அது நான் வைத்த இடத்திலேயே இருக்கும். இருந்தால் நிம்மதி வர வேண்டும். எடுத்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டாரோ என்றுதான் தோன்றும். மகளிடம் ஜாடையாகக் கேட்பேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதும்மா" என்பாள். எட்டு வயதுக் குழந்தையை அப்படி ஆக்கிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். கோயிலுக்குப் போகவில்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு உருண்டு போகிற சத்தம் கேட்டு ஓடி வந்தேன். கீழே கிடந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள். நான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். தெளிந்ததும் அவர் முதலில் மகளைத் தேடினார். பிறகு ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். நான் கோயிலுக்குப் போயிருந்தால் அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்திருப்பார் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டு வந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு சாவியைப் பாயின் மேல் வைத்தார். பளபளவென்று புதிதாக வெட்டிய சாவி. லேத்து வைத்திருக்கிறவருக்குச் சாவி வெட்டிக்கொள்ள ஆயிரம் இடம்.

"இன்னொண்ணு கீதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"இதை வெச்சு எடுத்தீங்களா?"

"ஒரு தபா" என்றார். "கரைக்குப் போவல. தெருமுனை முட்டும் போய்ட்டுத் திரும்பிட்டேன். புள்ளைய ஏத்தல. பயமா இருந்துச்சு."

நான் நம்பினேன். எடுக்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு பானெட்டைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். ஒரே நாளில் நின்றுவிடவில்லை. கை போய்ப் போய் வந்தது. பட்டறைப் பையன்கள் முன்னாலேயே அவருக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் வண்டியை நிறுத்தினால் அவர்களே வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். மோதல் எதுவும் இல்லாமல் சில வருஷங்கள் போன பிறகு, வாத்தியார் மறுபடியும் முழு இன்ஷூரன்ஸுக்கு எழுதிப் போட்டார்; கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், பூந்தமல்லிப் பக்கம் இடம் மாறியபோது, அந்த அம்பாசிடரை ஒரு வாடகை வண்டிக்காரருக்கு விற்றோம். அந்தக் கடைசிச் சில வருஷங்களில் என் வீட்டுக்காரர் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். சிக்னல் வந்தால் என்னை முந்திக்கொண்டு, "நிறுத்து, நிறுத்து" என்பார். தெரியும் என்பேன். இருந்தாலும் அடுத்த சிக்னலிலும் சொல்வார்.